கதிரவன் எழுப்பும் புயலும் நம்மைக் காக்கும் கவசமும்

ஞாயிறு, கதிரவன், பகலவன், பரிதி எனப் பல பெயர்களால் நம் முன்னோர் சூரியனை அழைத்தனர். பொங்கல் திருநாளில் புத்தரிசிப் பொங்கலிட்டு அதற்கு நன்றி கூறுவது நம் நாட்டு உழவர் வழக்கம். இறைவன் படைத்த அந்தப் பெருவிளக்கு இல்லையேல் நெல் ஏது? மழை ஏது? நாம்தான் ஏது? ஒளியும் வெப்பமும் தரும் சூரியனை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் அதே சூரியன் புயலையும் கிளப்பிவிடுகிறது. அந்தப் புயல் ஓசையின்றி, கண்ணுக்கும் தெரியாமல், நம் தலைக்கு மேலே வந்து மோதுகிறது. இதை அறிந்தவர் நம்மில் சிலரே.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் புயல் உருவானால் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். பழவேற்காட்டு மீனவர்கள் படகுகளைக் கரையேற்றிக் கட்டிவிடுகிறார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை விடுகிறார்கள். மேகமும் மழையும் இல்லாத விண்வெளியிலும் இப்படி ஒரு வானிலை உண்டு. அங்கே வீசுவது மின்னூட்டம் பெற்ற துகள்களின் காற்று. அமைதியான நாளும் அங்கே உண்டு. புயல் நாளும் உண்டு. இதற்கு 'விண்வெளி வானிலை' என்று விஞ்ஞானிகள் பெயர் சூட்டியுள்ளனர்.

'எங்கோ வீசும் அந்தப் புயலுக்கும் நம் பள்ளிப்பட்டுக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்கத் தோன்றும். பள்ளிப்பட்டு வட்டாரத்தில் ஓடும் விசைத்தறிகளுக்கு மின்சாரம் வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்கும் மின்சாரம் வேண்டும். ஆழ்கடலுக்குச் செல்லும் படகுகள் செயற்கைக்கோள் காட்டும் வழியை நம்பிச் செல்கின்றன. தொலைக்காட்சிப் படமும் செயற்கைக்கோள் வழியாகவே வருகிறது. மின்சாரம், செயற்கைக்கோள் ஆகிய இரண்டையும் தொட்டு அசைக்க வல்லது சூரியப் புயல். ஆகவே அது நம் வீட்டு வாசலுக்கு வரும் செய்தியே. இப்புயலைக் கண்காணிக்கும் பணியில் நம் தமிழ்நாடு 100 ஆண்டுகளுக்கும் மேலாகப் பங்கு கொண்டுள்ளது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

சூரியனின் முகத்தில் புள்ளிகள்

சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகிறது. அதன் விட்டத்தில் 109 பூமிகளை வரிசையாக அடுக்கலாம். சூரியன் கல்லும் மண்ணும் கொண்ட உருண்டை அன்று; கொதிக்கும் வாயுக் கோளம். அதன் மேற்பரப்பின் வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அந்த ஒளிமயமான முகத்தில் அங்கங்கே கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. சில நாள்களிலோ சில வாரங்களிலோ மறைகின்றன. புள்ளி உள்ள இடத்தில் வலிமை மிக்க காந்தப் புலம், உள்ளிருந்து மேலே வரும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. அதனால் அவ்விடம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து கறுப்பாகத் தெரிகிறது. தணல் நிறைந்த அடுப்பின் நடுவே சற்று ஆறிய கரித்துண்டு கறுப்பாகத் தெரிவதில்லையா? அது போலத்தான்.

1611ஆம் ஆண்டளவில் இத்தாலியில் கலிலியோவும், ஜெர்மனியில் இயேசு சபைக் குருவான கிறிஸ்டோபர் ஷைனரும் இப்புள்ளிகளைத் தொலைநோக்கி கொண்டு ஆராய்ந்தனர். பின்னர் ஹைன்ரிக் ஷ்வாபே என்ற ஜெர்மானியர் பல ஆண்டுகள் பொறுமையுடன் புள்ளிகளை எண்ணிக் குறித்துவந்தார். அவை ஓர் ஒழுங்கில் கூடிக் குறைகின்றன என்று 1843இல் அவர் அறிவித்தார். அந்தச் சுழற்சி சராசரியாக 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பி வருகிறது. விஞ்ஞானிகள் கணக்கில் 25ஆவது சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கி 2024இல் உச்சத்தை எட்டியது. புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் சூரியன் சீற்றம் மிகுந்ததாக இருக்கும். புயல்களும் அப்போதுதான் மிகுதி. (தோழியரே! புள்ளியைக் காணும் ஆவலில் சூரியனை நேரே பார்த்துவிட வேண்டாம். கண் பார்வையே பறிபோய்விடும்.)

நம் மாநிலத்தில் இப்புள்ளிகளை ஆராய ஒரு கூடம் எழுந்த வரலாறு உருக்கமானது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. தாது வருடத்தில் தொடங்கியதால் 'தாது வருடப் பஞ்சம்' என்று அதைச் சொல்வார்கள். பல இலட்சம் மக்கள் மாண்டனர். மழை ஏன் பொய்த்தது? சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி அக்காலத்து அறிஞரிடையே எழுந்தது. சூரியனை முறையாக ஆராய ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற அதுவும் ஒரு காரணமாயிற்று. கொடைக்கானல் மலை தேர்ந்தெடுக்கப்பட்டு 1895இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1901இல் அங்கே சூரிய ஆய்வு தொடங்கியது. புள்ளிக்கும் மழைக்கும் நேரான, எளிய தொடர்பு எதுவும் உறுதிப்படவில்லை. ஆனால் பசியால் மாண்ட மக்களை எண்ணிப் பிறந்த அந்தக் கேள்வி உலகுக்கே ஒரு செல்வத்தைச் சேர்த்து வைத்தது. 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியனின் புகைப்படங்கள் கொடைக்கானலில் காக்கப்பட்டு வருகின்றன. சூரியன் ஒரு நூற்றாண்டாக எவ்வாறு நடந்துகொண்டது என்பதை அறிய விரும்பும் உலக விஞ்ஞானிகள் இன்றும் அப்படங்களை நாடுகின்றனர்.

1909 ஜனவரியில் கொடைக்கானலில்தான் ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியப் புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தார். 'எவர்ஷெட் விளைவு' என்று அது இன்றும் பாடநூல்களில் வழங்குகிறது. அவர் துணைவியார் மேரி எவர்ஷெட்டும் சிறந்த வானியல் அறிஞர். சூரிய விளிம்பில் எழும் தீச்சுடர்களைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1917இல் வெளிவந்தது. மலை மேல் குடித்தனமும் நடத்தி வானையும் அளந்த அந்த அம்மையார் நம் நினைவில் நிற்க வேண்டியவர்.

புயல் கிளம்பும் விதம்

சூரியனின் மேற்பரப்புக்கு வெளியே ஒரு மெல்லிய வளிமண்டலம் உள்ளது. முழுச் சூரிய கிரகணத்தின்போது வெண்ணிற ஒளிவட்டமாக அது காட்சி தரும். அதற்குக் 'கொரோனா' என்று பெயர். கொரோனா என்றதும் 2020ஆம் ஆண்டில் வந்த நோய்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. இரண்டுக்கும் 'மகுடம்' என்பதே பொருள். இந்தச் சூரிய மகுடத்தின் வெப்பம் 10 இலட்சம் டிகிரிக்கும் மேல். இவ்வளவு வெப்பத்தில் அணுக்கள் முழுதாக நிற்க முடிவதில்லை. எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் தனித்தனியே பிரிந்து வெளியே ஓடுகின்றன. இதுவே 'சூரியக் காற்று'. அமைதியான நாளிலும் இக்காற்று வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசிக்கொண்டே இருக்கும். நம்மை வந்தடைய அதற்கு நான்கு நாள் ஆகும்.

புள்ளிகளின் மேலே காந்தப் புலம் முறுக்கேறி நிற்கிறது. கயிற்றை அளவுக்கு மீறி முறுக்கினால் அது அறுந்து சொடுக்குவது போல, அந்தக் காந்தப் புலமும் ஒரு கட்டத்தில் சொடுக்கிவிடுகிறது. அப்போது இரண்டு நிகழ்ச்சிகள் நேரலாம். ஒன்று, பேரொளி வெடிப்பு. அதன் எக்ஸ் கதிர்கள் 8 நிமிடத்தில் நம்மை எட்டி, வானொலி அலைகளைக் குழப்பும். மற்றொன்று, மகுடத்திலிருந்து பெரும் பிழம்பு மேகம் வீசியெறியப்படுவது. அம்மேகத்தின் எடை 100 கோடி டன் வரையிலும், சில வேளை அதற்கு மேலும் இருக்கும். அது தன் காந்தப் புலத்தையும் சுமந்துகொண்டு ஒன்று முதல் மூன்று நாளில் பூமியை எட்டும். இதுவே சூரியப் புயல்.

விண்மீன்களிடமிருந்து வரும் கதிர்கள்

சூரியக் காற்று மட்டும்தான் நம்மைத் தேடி வருகிறது என்று எண்ணிவிடக் கூடாது. வேறோர் விருந்தாளியும் உண்டு. அதைக் கண்டுபிடித்த கதை சுவையானது.

தங்க இலை மின்காட்டியைப் பற்றிப் பாடத்தில் படித்திருக்கிறோம். மின்னூட்டம் தந்தால் அதன் இரண்டு இலைகளும் விரிந்து நிற்கும். எவ்வளவு நன்றாக மூடி வைத்தாலும் சற்று நேரத்தில் இலைகள் மெல்ல மெல்லக் கூடிவிடுகின்றன. மூடிய பாத்திரத்துக்குள் புகுந்து மின்னூட்டத்தைத் திருடுவது யார்? மண்ணிலும் பாறையிலும் உள்ள கதிரியக்கம்தான் திருடன் என்று அக்காலத்தில் கருதினார்கள். அப்படியானால் தரையை விட்டு மேலே போகப் போகத் திருட்டு குறைய வேண்டும் அல்லவா? இயேசு சபைக் குருவான தியோடர் வுல்ஃப் அடிகளார் 1910இல் ஒரு மின்காட்டியை எடுத்துக்கொண்டு பாரிஸ் நகரத்து ஈஃபிள் கோபுரத்தின் உச்சிக்கு ஏறினார். 300 மீட்டர் உயரத்தில் அளந்து பார்த்தார். அளவு குறைந்தது, ஆனால் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை!

ஆஸ்திரிய நாட்டு விக்டர் ஹெஸ் இந்தப் புதிரைத் தொடர்ந்தார். 1912 ஆகஸ்ட் 7ஆம் நாள் பலூனில் ஏறி 5 கிலோமீட்டருக்கும் மேலான உயரம் சென்றார். அங்கே கதிர்வீச்சு குறையவில்லை. தரையில் உள்ளதைவிடக் கூடியிருந்தது! அதே ஆண்டு ஏப்ரல் மாதச் சூரிய கிரகணத்தின்போதும் அவர் பறந்து அளந்திருந்தார். சூரியன் மறைந்தபோதும் அளவு குறையவில்லை. ஆகவே இக்கதிர்கள் மண்ணிலிருந்தும் வரவில்லை, பெரும்பாலும் சூரியனிலிருந்தும் வரவில்லை, அப்பாலிருந்து வருகின்றன என்று அவர் முடிவு செய்தார். இக்கண்டுபிடிப்புக்காக 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவையே 'காஸ்மிக் கதிர்கள்' எனப்படும் அண்டக் கதிர்கள்.

கதிர்கள் என்று பெயர் பெற்றாலும் இவை உண்மையில் துகள்கள். பத்தில் ஒன்பது பங்கு புரோட்டான்கள். பெரும் விண்மீன்கள் வெடித்துச் சிதறும்போது இவை வேகம் பெறுகின்றன என்று கருதப்படுகிறது. இவை நம் காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் மோதிப் புதிய துகள்களைப் பிறப்பிக்கின்றன. அவை மேலும் மோதுகின்றன. ஒரு துளி பல துளியாகிச் சாரல் போலக் கீழே இறங்குகிறது. அச்சாரலில் தரை வரை வருபவை பெரும்பாலும் 'மியூவான்' என்னும் துகள்கள். நம் உள்ளங்கையை விரித்து வைத்தால் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் அதைத் துளைத்துச் செல்கிறது. இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் சில கடந்து சென்றிருக்கும்! வலியும் இல்லை, அச்சமும் வேண்டாம். மனித குலம் தோன்றிய நாள் முதல் இந்தச் சாரலில் நனைந்தே வாழ்ந்து வருகிறது.

இக்கதிர்களால் நன்மையும் உண்டு. இவை காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாக்குவதால் 'கார்பன் 14' உண்டாகிறது. செடி கொடிகள் அதை ஏற்கின்றன. செடி மடிந்த பின் அது ஒரு கணக்கின்படி குறைந்துகொண்டே வரும். அதை அளந்தே பழம்பொருள்களின் வயதைச் சொல்கிறார்கள். கீழடியில் கிடைத்த பொருள்கள் கி.மு. 6ஆம் நூற்றாண்டைத் தொடுகின்றன என்று 2019இல் அறிவிக்கப்பட்டதும் இம்முறையால்தான். ஆகவே நம் முன்னோரின் வயதை நமக்குச் சொன்னவை விண்மீன்களின் துகள்களே!

இறைவன் அளித்த இரண்டு கவசங்கள்

சூரியக் காற்று ஒருபுறம், அண்டக் கதிர்கள் மறுபுறம். இவற்றின் நடுவே நாம் எவ்வாறு பிழைத்திருக்கிறோம்? நமக்கு இரண்டு கவசங்கள் உள்ளன. முதலாவது, நாம் சுவாசிக்கும் காற்று மண்டலம். இரண்டாவது, பூமியின் காந்தப் புலம். பூமியின் நடுவே உருகிய இரும்பு சுழன்றோடுவதால் பூமியே ஒரு பெரிய காந்தமாக விளங்குகிறது. மின்னூட்டம் பெற்ற துகள் காந்தப் புலத்தில் நுழைந்தால் வளைந்து விலகிப் போகும் என்று படித்திருக்கிறோம். அவ்வாறே சூரியக் காற்றும் விலகி, ஆற்றின் நடுவே நிற்கும் பாறையைச் சுற்றி நீர் ஓடுவது போலப் பூமியைச் சுற்றி ஓடிவிடுகிறது. சூரியனை நோக்கிய பக்கத்தில் இக்கவசம் பூமியின் ஆரத்தைப்போல் சுமார் 10 மடங்கு தூரம் விரிந்துள்ளது. மறுபக்கத்தில் நிலவின் பாதையையும் தாண்டி வால் போல நீண்டு கிடக்கிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. சூரியனின் சீற்றம் மிகும் ஆண்டுகளில் அண்டக் கதிர்கள் குறைகின்றன. வலுத்த சூரியக் காற்று அவற்றை வெளியே தள்ளிவிடுகிறது. பலத்த காற்று வீசும் மாலையில் கொசுத் தொல்லை குறைவது போல என்று கூறலாம். பெரும்புயல் பூமியைக் கடக்கும் நாள்களிலும் அண்டக் கதிர்கள் சட்டென்று குறைவதை ஸ்காட் ஃபோர்புஷ் 1937இல் கண்டறிந்தார். ஆகவே சூரியன் அடிக்கும் கை மட்டும் அன்று. அணைக்கும் கையும் ஆகும்.

காந்தக் கவசம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் காப்பதில்லை. துருவங்களில் காந்தக் கோடுகள் செங்குத்தாக இறங்குகின்றன. அவ்வழியே துகள்கள் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்து, வானில் பச்சையும் சிவப்புமான துருவ ஒளியைத் தோற்றுவிக்கின்றன. காந்த நடுக்கோட்டின் அருகே கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. மேலிருந்து வரும் துகள் அவற்றைக் குறுக்கே கடக்க வேண்டும், அது எளிதன்று. அந்தக் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்முனைக்கு அருகே செல்கிறது. எனவே உலகிலேயே நன்கு காக்கப்பட்ட இடங்களுள் நம் தென்னாடும் ஒன்று. அதே நடுக்கோட்டின் மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகல் வேளையில் ஒரு மின்னோட்டம் ஆறு போல ஓடுகிறது. இதை ஆராய இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகே ஓர் ஆய்வகம் வைத்துள்ளது.

இந்த மின்னோட்டத்தை ராக்கெட் விட்டு ஆராய்வதற்காகத்தான் திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பா என்னும் மீனவர் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. தேர்ந்தெடுத்தவர் டாக்டர் விக்ரம் சாராபாய். அவரே அண்டக் கதிர்களை ஆராய்ந்து கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றவர். தும்பாவில் புனித மகதலா மரியாள் ஆலயமும் மக்கள் குடியிருப்பும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஞாயிறு திருப்பலியில் மக்களிடம் இதைப் பற்றிக் கேட்டதையும், மக்கள் இசைவு தந்ததையும் டாக்டர் அப்துல் கலாம் எழுதியுள்ளார். ஆலயம் வேலைக்கூடமாயிற்று, ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அந்த ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஏழை மீனவ மக்கள் தங்கள் கோயிலையே அறிவுக்குக் கொடையாகத் தந்தார்கள் என்பதை நினைக்கையில் நெஞ்சம் நெகிழ்கிறது.

புயல் தாக்கினால்?

1859 செப்டம்பர் முதல் நாள் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் என்பவர் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திடீரென்று புள்ளிக் கூட்டத்தின் மேல் வெண்மையான பேரொளி தோன்றி மறைந்தது. ஒரு நாளுக்குள் பூமியைப் புயல் தாக்கியது. பல நாடுகளில் தந்திக் கம்பிகளில் தானே மின்சாரம் பாய்ந்தது. தந்தி நிலையங்களில் தீப்பொறி பறந்தது. அன்று பூமியின் காந்தம் எவ்வளவு ஆட்டம் கண்டது என்பதை நம் நாட்டில் பம்பாய் கொலாபா ஆய்வுக்கூடம் பதிவு செய்து வைத்தது. அப்புயலின் வலிமையைக் கணக்கிட உலக விஞ்ஞானிகளுக்கு அந்தப் பதிவே பெரிதும் கைகொடுத்தது.

அன்று உலகில் தந்தி மட்டும்தான் இருந்தது. இன்றோ எல்லாம் மின்சாரம்! 1989 மார்ச் 13ஆம் நாள் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சூரியப் புயலால் மின் கட்டமைப்பு இரண்டு நிமிடங்களுக்குள் சரிந்து விழுந்தது. 60 இலட்சம் மக்கள் 9 மணி நேரம் இருளிலும் குளிரிலும் தவித்தனர். காந்தப் புலம் வேகமாக மாறினால் நீண்ட கம்பிகளில் மின்னோட்டம் தூண்டப்படும் என்ற ஃபாரடேயின் விதியை நாம் வகுப்பில் படிக்கிறோம். அந்த விதிதான் கியூபெக்கின் விளக்குகளை அணைத்தது.

2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 அழிந்தன. சூரியப் புயலால் மேல் காற்று சூடேறி விரிந்து அவற்றை இழுத்துக் கீழே தள்ளிவிட்டது. 2024 மே 10, 11 நாள்களில் 2003க்குப் பின் காணாத கடும் புயல் வீசியது. துருவத்துக்கு வெகு தொலைவிலுள்ள நம் லடாக்கின் ஹான்லே வானம்கூடச் சிவந்தது.

நம் தென்னாடு துருவங்களுக்குத் தொலைவில் இருப்பதால் கியூபெக் போன்ற அபாயம் இங்கே குறைவே. ஆனால் செயற்கைக்கோளுக்கு வடக்கு தெற்கு ஏது? அது எல்லோருக்கும் பொது. நாள்தோறும் படகும் வண்டியும் வங்கியும் அதை நம்பியே இயங்குகின்றன. நடுக்கடலில் வழிகாட்டும் கருவி தவறினால் அந்தப் படகில் இருப்பவரின் குடும்பம் என்ன பாடுபடும் என்பதைக் கடற்கரை மக்களே அறிவார்கள்.

உதகை கண்ட இரண்டு மணி நேரம்

நீலகிரியில், உதகமண்டலத்தில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அண்டக் கதிர் ஆய்வுக்கூடம் உள்ளது. ஜப்பானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்தும் அந்த ஆய்வுக்குக் 'கிரேப்ஸ் 3' என்று பெயர். திராட்சைக் குலை போலப் பரவலாக ஏறத்தாழ 400 உணர்கருவிகள் அங்கே நிற்கின்றன. அவற்றோடு 560 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு மியூவான் தொலைநோக்கியும் உண்டு. அது கண்ணாடி வில்லை கொண்ட தொலைநோக்கி அன்று. வரிசை வரிசையாக அடுக்கிய உலோகக் குழாய்களைக் கடக்கும் மியூவான்களை எண்ணி, அவை எத்திசையிலிருந்து வந்தன என்று காட்டும் கருவி. இரவு பகல் பாராது அது எண்ணிக்கொண்டே இருக்கிறது.

2015 ஜூன் 22ஆம் நாள் மணிக்குச் சுமார் 25 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வந்த பிழம்பு மேகம் பூமியை மோதியது. புயல் வந்தால் அண்டக் கதிர்கள் குறைய வேண்டும் என்று முன்னர் பார்த்தோம். ஆனால் அன்று உதகையில் இரண்டு மணி நேரம் மியூவான்களின் எண்ணிக்கை கூடியது! ஏன்? விஞ்ஞானிகள் கணக்கிட்டுப் பார்த்தனர். பூமியின் ஆரத்தைப்போல் 11 மடங்கு தூரம் விரிந்திருந்த காந்தக் கவசம், அடி தாங்காமல் 4 மடங்கு தூரத்துக்கு ஒடுங்கிப்போயிற்று. கவசம் தற்காலிகமாகத் தளர்ந்ததால், வழக்கமாக வளைந்து விலகிப் போகும் கதிர்கள் அன்று உள்ளே புகுந்தன. 2016இல் இம்முடிவை அவர்கள் உலகுக்கு அறிவித்தனர்.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் தரைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. பூமியின் நடுவிலிருந்து அளந்தால் அது ஆரத்தைப்போல் ஆறரை மடங்கு தூரம். கவசம் 4 மடங்குக்கு ஒடுங்கினால், சூரியனை நோக்கி நின்ற செயற்கைக்கோள்கள் கவசத்துக்கு வெளியே, குடையில்லாமல் மழையில் நிற்பது போல நின்றிருக்கும். அந்த இரண்டு மணி நேரமும் நாம் வழக்கம்போல் வேலை பார்த்தோம், விளையாடினோம், ஒன்றும் அறியோம். உதகை மலையில் எண்ணிக்கொண்டிருந்த குழாய்கள் மட்டும் அதை அறிந்தன.

முன்னறிவிக்கும் காவலர்கள்

புயலைத் தடுக்க மனிதனால் இயலாது. ஆனால் முன்கூட்டி அறிந்தால் காத்துக்கொள்ளலாம். மின் நிலையங்கள் சுமையைக் குறைக்கலாம். செயற்கைக்கோளின் நுண்கருவிகளை அணைத்து வைக்கலாம். விண்வெளி வீரர்கள் பாதுகாப்பான அறைக்குள் செல்லலாம். எல்லாம் எச்சரிக்கை கிடைத்தால்தான்.

உதகையிலேயே மற்றொரு காவலனும் உண்டு. மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டு 1970இல் எழுந்த ரேடியோ தொலைநோக்கி அது. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டவரே வடிவமைத்துக் கட்டியது. காற்று மண்டலம் அசைவதால் விண்மீன்கள் மின்னுகின்றன. அதுபோலத் தொலைதூர வானொலி அலைகள் சூரியக் காற்றின் அசைவால் மின்னுகின்றன. அந்த மின்னலை அளந்து சூரியக் காற்றின் வேகத்தை இத்தொலைநோக்கி கணிக்கிறது.

2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'ஆதித்யா எல் 1' விண்கலம் கிளம்பியது. ஸ்ரீஹரிகோட்டா நமக்கு அண்டை வீடு. பழவேற்காடு ஏரிக்கு அப்பால்தான் இருக்கிறது. அங்கே ராக்கெட் கிளம்பும் நாளில் நம் மாவட்டத்தில் பலர் மொட்டை மாடியில் ஏறி நின்று பார்ப்பது வழக்கம். ஆதித்யா 2024 ஜனவரி 6ஆம் நாள், பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியனை நோக்கியுள்ள தன் இடத்தை அடைந்தது. 7 கருவிகள் அதில் உள்ளன. வினாடிக்கு 400 கிலோமீட்டர் வேகக் காற்று அந்த இடத்தைக் கடந்து பூமியை எட்ட ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்; கடும் புயலுக்கு அரைமணி போதும். அந்தச் சிறு அவகாசமே நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கைக் கூண்டு. ஆதித்யாவின் முதன்மைக் கருவியைச் செய்தது பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அந்நிறுவனம் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்திலிருந்து வளர்ந்ததே. தாது வருடப் பஞ்சத்தில் எழுந்த கேள்வி இப்படி விண்வெளி வரை சென்றுள்ளது!

பெண்களின் பங்கு

இத்துறையில் பெண்கள் இல்லையா என்று கேட்டால், உண்டு என்று தலைநிமிர்ந்து கூறலாம். வங்காளத்துப் பிபா சௌத்ரி, டி. எம். போஸ் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் இமயமலைச் சரிவுகளில் புகைப்படத் தகடுகளை வைத்து அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். போர்க்காலத்தில் நுட்பமான தகடுகள் கிடைக்காமல் அவ்வேலை நின்றது. பின்னர் அதே வழியில் மேம்பட்ட தகடுகளைப் பயன்படுத்திய ஆங்கிலேயர் செசில் பவல் 1950இல் நோபல் பரிசு பெற்றார். பிபா அம்மையாரின் பெயரை நாட்டில் பலர் கேட்டதுமில்லை. ஆயினும் 2019இல் ஒரு விண்மீனுக்கு 'பிபா' என்று பெயரிடப்பட்டது. ஆதித்யா திட்டத்தின் இயக்குநராக இருந்து வழிநடத்தியவர் நிகார் ஷாஜி அவர்கள். அவர் நம் தமிழ்நாட்டுச் செங்கோட்டையில் பிறந்து, அவ்வூர்ப் பெண்கள் பள்ளியிலேயே படித்தவர். செங்கோட்டையிலிருந்து சூரியன் வரை வழி இருக்கிறது என்றால், பள்ளிப்பட்டிலிருந்து மட்டும் இல்லாமல் போகுமா?

அன்புத் தோழியரே! காற்றையும் காந்தத்தையும் கவசமாகத் தந்து நம்மைக் காப்பவர் இறைவன். அந்தக் கவசம் எப்போது தளர்கிறது என்று கண் விழித்துப் பார்க்கும் அறிவையும் அவரே நமக்குத் தந்துள்ளார். கொடைக்கானலில் நாள்தோறும் படம் எடுத்தவர்களும், உதகையில் துகள்களை எண்ணுகிறவர்களும், தும்பாவில் ஆலயத்தையே விட்டுக் கொடுத்தவர்களும் அந்த அறிவுக்குத் தங்கள் பங்கைச் செலுத்திவிட்டனர். இனி வரும் சுழற்சிகளில் சூரியன் சீறும்போது கருவிகளின் அருகே யாராவது விழித்திருக்க வேண்டும். அவர்களில் நம் பள்ளி மாணவியரும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் அவா. அதற்குரிய உழைப்பை இன்றே, நம் அறிவியல் பாடப் புத்தகத்திலிருந்தே தொடங்குவோமாக!